கரிசல் காட்டு மயிலும் அதன் மலை உறவுகளும்

மானாவாரி உழவர்களுக்குப் புரட்டாசி கவலை நிறைந்த மாதமாகும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு ஒன்றிரண்டு வாரங்கள் முன்னதாகவே, வறண்ட கரிசல் மண்ணில் சோளம், பருத்தி முதலியவற்றை விதைத்துவிடும் முன்பருவ விதைப்பு முறை கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் பகுதிகளில் பலரும் அறிந்த ஒன்று. முதல் மழையை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ள இது மிகவும் ஏற்ற முறையே. ஆனால் மழை வரும்வரை விதை மண்ணுக்குள் காத்துக்கிடக்க வேண்டியுள்ளது. அவ்வாறு காத்துக்கிடக்கும் விதையைத் தேடி விடியற்காலையிலேயே மயில்கள் வந்துவிடுகின்றன. விதைத்த சால் வழியே நடந்து, காலால் கிளறி, ஒவ்வொன்றாகப் பொறுக்கிவிடுகின்றன. தப்பிப் பிழைத்து முளைத்தவற்றின் வித்திலைகளையும் அடுத்த வாரம் கொத்தித் தின்கின்றன. மீண்டும் விதைப்பதற்கு விதைச் செலவும் ஆட்கூலியும் ஒரு பங்கு என்றால், தவறிப்போகும் பருவம் மூன்று பங்கு இழப்பாகும்.

“முருகன் வாகனமாயிற்றே, என்ன செய்வது?” என்று பொறுத்துப் போகிறவர்கள் உண்டு. பொறுமை இழந்து, தானியத்தில் மருந்தைக் கலந்து வைத்துவிட்டுச் சிறைக்குச் சென்றவர்களும் உண்டு. இவ்விரண்டுக்கும் இடையில் வேறு வழி இருக்கிறது. பூச்சிகளைக் கட்டுப்படுத்த நாம் என்ன செய்கிறோம்? அது எப்போது முட்டையிடுகிறது, எப்போது புழுவாகிறது, எந்த நேரத்தில் தின்கிறது என்று முதலில் தெரிந்துகொள்கிறோம். மயிலையும் அவ்வாறே தெரிந்துகொள்ள வேண்டும். அது எந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பறவை, எங்கே கூடு வைக்கிறது, ஆண்டின் எந்த மாதத்தில் என்ன செய்கிறது என்பது தெரிந்தால், எந்தப் பதினைந்து நாட்கள் காவல் தேவை, எந்த நேரத்தில் தேவை என்பது தானே விளங்கும்.

பெசன்ட் குடும்பம்

மயில், காட்டுக்கோழி, நம் வீட்டு நாட்டுக்கோழி, கவுதாரி, காடை ஆகிய அனைத்தும் ஒரே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆங்கிலத்தில் இக்குடும்பத்தைப் பெசன்ட் குடும்பம் என்பர். கருங்கடலின் கிழக்குக் கரையில், இன்றைய ஜார்ஜியா நாட்டில் ஓடும் பாசிஸ் என்ற ஆற்றின் கரைகளில் காணப்பட்ட கோழி போன்ற ஒரு பறவைக்குக் கிரேக்கர்கள் இட்ட பெயரே பின்னர் குடும்பம் முழுவதற்கும் ஆயிற்று. உறுதியான கால்கள், மண்ணைக் கிளறும் நகங்கள், விதை பொறுக்கும் கெட்டியான அலகு, குட்டையான வட்ட வடிவச் சிறகுகள் ஆகியவை இக்குடும்பத்தின் பொது அடையாளங்கள். இவை நடந்தே இரை தேடும். ஆபத்து வந்தால்தான் படபடவென்று எழும்பிப் பறக்கும். தொலைதூரம் பறக்க இவற்றுள் பெரும்பாலானவற்றால் இயலாது.

இங்கு ஒரு சிறு குழப்பத்தை நீக்கிவிடலாம். வேலியோரங்களில் காணப்படும் செம்போத்தை வெள்ளையர்கள் ‘காகப் பெசன்ட்’ என்று அழைத்தனர். பெயர்தான் அவ்வாறே தவிர, செம்போத்து பெசன்ட் அன்று. அது குயில் குடும்பத்தைச் சேர்ந்தது. புழு பூச்சிகளையும் நத்தையையும் தின்னும் அப்பறவையால் விதைப்புக்கு எத்தீங்கும் இல்லை.

மலையில் வாழும் உறவினர்

பெசன்ட் இனங்களில் அழகு மிகுந்தவை பலவும் மலைவாழ் பறவைகளே. நம் நாட்டில் இமயமலைதான் அவற்றின் தாயகம். உத்தரகண்ட் மாநிலத்தின் பறவையான மோனால், கோடையில் ஏறத்தாழ 2,400 முதல் 4,500 மீட்டர் உயரத்தில் மரங்கள் முடிந்து புல்வெளி தொடங்கும் இடத்தில் வாழ்கிறது. பனிக்காலத்தில் கீழிறங்கிக் காடுகளுக்குள் வருகிறது. வளைந்த அலகால் மண்ணைத் தோண்டிக் கிழங்குகளையும் புழுக்களையும் தின்னும் பழக்கம் அதற்கு உண்டு. ஆணின் உடலில் பச்சை, செம்பு, ஊதா எனப் பல நிறங்கள் வெயிலில் மின்னும்; பெண்ணோ காய்ந்த சருகின் நிறத்தில் இருக்கும்.

இமாசலப் பிரதேச மாநிலத்தின் பறவையான மேற்கு டிராகோபான் இன்னும் அரிதானது. அங்குள்ள மக்கள் அதை ‘ஜுஜுராணா’, அதாவது பறவைகளின் அரசன் என்று அழைக்கின்றனர். ஏறத்தாழ 2,000 முதல் 3,600 மீட்டர் உயரத்தில், அடர்ந்த காடுகளின் அடிப்புதர்களில் மறைந்து வாழும். இணை தேடும் காலத்தில் ஆணின் தலையில் இரு நீலக் கொம்புகள் போன்ற சதைகள் விறைத்து நிற்கும். கழுத்தடியிலிருந்து நிறம் மிகுந்த ஒரு சதைமடல் துணி விரிவதுபோல் விரியும். பெசன்ட்கள் பெரும்பாலும் தரையில்தான் முட்டையிடும். டிராகோபான் இனங்களோ மரத்தில் கூடு வைப்பவை. காடு அழிந்ததாலும் வேட்டையாலும் எண்ணிக்கை குறைந்த இதனைக் காக்க, சிம்லா மாவட்டத்தின் சரஹானில் வளர்ப்பு மையம் ஒன்று நடத்தப்படுகிறது.

இவற்றோடு சீர் என்ற பெசன்டையும் சொல்ல வேண்டும். செங்குத்தான புல் சரிவுகளிலும், மலை உழவர்களின் படிக்கட்டு வயல்களுக்கு அருகிலும் வாழும் பறவை அது. அதில் ஆணும் பெண்ணும் ஏறத்தாழ ஒரே நிறம். ஒரே இணையாக வாழ்ந்து, இரண்டும் சேர்ந்தே குஞ்சுகளைக் காக்கும். சிக்கிமின் மாநிலப் பறவையான இரத்தப் பெசன்ட் பனிக்கோட்டை ஒட்டி வாழ்வது.

இவற்றையெல்லாம் பார்க்கும்போது ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. எந்த இனத்தில் ஆண் பகட்டான நிறங்களோடு இருக்கிறதோ, அந்த இனத்தில் பெரும்பாலும் அது அடைகாப்பதிலும் குஞ்சு வளர்ப்பிலும் பங்கு கொள்வதில்லை. பகட்டில்லாத இனங்களில் தந்தையும் குடும்பத்தோடு நிற்கிறது. நம் கரிசல் காட்டுக் கவுதாரியைக் கவனித்துப் பாருங்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் நிற வேறுபாடு தெரியாது. குஞ்சுகளோடு இரண்டும் திரியும். மயிலில் தலைகீழ். இந்த ஒரு வேறுபாடு உழவருக்கும் பயன்படும் செய்தி என்பதைப் பின்னர் காண்போம்.

தெற்கே, நமக்கு அருகிலுள்ள மலை உறவினர் சாம்பல் காட்டுக்கோழி. தென்காசி, திருநெல்வேலி மாவட்டங்களை ஒட்டிய மேற்குத் தொடர்ச்சி மலையிலும், களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்திலும் காலை வேளையில் இதன் கூவலைக் கேட்கலாம். முட்டை 4 முதல் 7 வரை. அடைகாக்கும் காலம் ஏறத்தாழ மூன்று வாரம். நாட்டுக்கோழியின் முன்னோரான செங்காட்டுக்கோழி வட இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வாழ்வது. மன்னார் வளைகுடாவுக்கு அப்பால் இலங்கையில் வேறொரு காட்டுக்கோழி உண்டு. அதுவே அந்நாட்டின் தேசியப் பறவை.

முத்துக் கரையின் மயில்

மயில் மட்டும் மலையை நாடாமல் சமவெளியைத் தேர்ந்துகொண்டது. பொதுவாக 1,800 மீட்டருக்குக் கீழேதான் அது வாழும். அடர்ந்த மழைக்காடும் அதற்குப் பிடிக்காது. மொட்டை வெளியும் பிடிக்காது. முள்புதர், அதன் அருகே திறந்த நிலம், இரவில் அமர ஓர் உயர்ந்த மரம், குடிக்கச் சிறிது நீர் ஆகியவை இருந்தால் போதும். தூத்துக்குடி மாவட்டத்தில் இந்த நான்கும் சேர்ந்தே கிடைக்கின்றன. வல்லநாட்டுக் குன்று, குருமலைக் காடு, கழுகுமலைப் பாறைகள், திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக் காடுகளின் உடைமரங்களும் பனைகளும், வைப்பாற்றின் ஓடைக் கரைகள் எல்லாம் மயிலுக்கு ஏற்ற இடங்களே. 1987ஆம் ஆண்டு வெளிமானுக்காக அறிவிக்கப்பட்ட வல்லநாடு சரணாலயம், கிள்ளிகுளம் வேளாண் கல்லூரிக்கு மிக அருகில் இருக்கிறது. குன்றிலிருந்து வயலுக்கு நடந்து வரும் மயிலுக்கு எல்லைக்கல் ஒரு தடையன்று.

இக்கரைக்கும் மயிலுக்கும் உள்ள உறவு மிகப் பழமையானது என்று கருதியவர் கால்டுவெல். இடையன்குடியில் நெடுங்காலம் வாழ்ந்து, பாண்டியரின் பழைய முத்துத் துறைமுகமான கொற்கையில் அகழ்ந்தும் பார்த்த அவர், சாலமோன் அரசனின் கப்பல்கள் கொண்டுசென்றதாக விவிலியம் கூறும் மயிலுக்குரிய எபிரேயச் சொல், நம் ‘தோகை’யே என்று தம் ஒப்பிலக்கண நூலில் எழுதினார். எல்லா அறிஞரும் இதை ஏற்பதில்லை. கொற்கையும் இன்று கடலை விட்டு விலகி வயல்களுக்கு நடுவே நிற்கிறது. முத்துக்குளிப்பும் 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. மயில் மட்டும் நிற்கவில்லை.

ஆடலும் அடைகாத்தலும்

மயில் 1963ஆம் ஆண்டு நாட்டின் தேசியப் பறவையாக அறிவிக்கப்பட்டது. ஆண் மயில் 4 முதல் 6 கிலோ வரை எடை உள்ளது. பெண் 3 முதல் 4 கிலோ. நாம் தோகை என்று சொல்வது வால் அன்று. வாலுக்கு மேல் முதுகின் பின்பகுதியில் வளரும் 150 முதல் 200 நீண்ட இறகுகளே தோகை. உண்மையான வால் குட்டையாகவும் பழுப்பாகவும் அதன் அடியில் இருக்கிறது. தோகையை விரிக்கும்போது முட்டுக்கொடுத்துத் தாங்குவது அந்த வால்தான்.

பிறந்த ஆண்டிலேயே தோகை வந்துவிடாது. இரண்டாம் ஆண்டில் ஆண் மயிலின் கழுத்து நீலமாகும். ஆனால் தோகையில் கண் இராது. நான்காம் ஆண்டளவில்தான் முழுத்தோகை. ஆண்டுதோறும் இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் தோகை இறகுகள் உதிர்ந்து மீண்டும் வளர்கின்றன. இவ்வளவு பெரிய சுமையைத் தாங்கிக்கொண்டு ஒரு பறவை எவ்வாறு பகைக்குத் தப்புகிறது என்ற கேள்வி டார்வினையே தொல்லைப்படுத்தியது. மயில் இறகைப் பார்க்கும்போதெல்லாம் தமக்குக் குமட்டுகிறது என்று 1860இல் நண்பர் ஒருவருக்கு எழுதினார். பெண் பறவை தனக்குப் பிடித்த ஆணைத் தேர்ந்தெடுப்பதால், தலைமுறை தலைமுறையாக அழகு கூடிக்கொண்டே போகிறது என்ற விளக்கத்தை 1871இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்தார். நாம் நல்ல கதிரைத் தேர்ந்தெடுத்து விதைக்கு ஒதுக்குவது போன்றதுதான். இங்கே தேர்ந்தெடுப்பது பெண் மயில்.

தென்னிந்தியாவில் இனப்பெருக்கம் சித்திரை, வைகாசியில் உச்சத்தில் இருக்கும். மழையை ஒட்டி இது சிறிது முன்பின் ஆகும். இக்காலத்தில் ஒவ்வொரு ஆணும் ஒரு சிறு வெளியைத் தன் ஆடுகளமாக வைத்துக்கொள்கிறது. பக்கத்துப் பக்கத்தில் பல ஆண்கள் ஆடும். பெண்கள் வந்து பார்த்து, ஒன்றிடம் இணைந்து சென்றுவிடும். ஆண் மயிலின் கண்ணீரைப் பருகித்தான் பெண் கருவுறுகிறது என்று சிலர் இன்னும் சொல்லக் கேட்கிறோம். இது வெறும் கதையாகும். சேவலும் கோழியும் போன்றே மயில்களும் இணைசேர்கின்றன.

இணைந்த பின் ஆணின் பங்கு முடிந்தது. பெண் மயில் தனியே சென்று, அடர்ந்த முள்புதரின் அடியில் தரையைச் சிறிது குழித்து, சில சருகுகளின் மேல் முட்டையிடுகிறது. வழக்கமாக 4 முதல் 6 முட்டைகள். சில வேளை எட்டும் இருக்கலாம். ஏறத்தாழ 28 நாட்கள் அது மட்டுமே அடைகாக்கும். அடை மயிலின் நிறம் மண்ணோடும் சருகோடும் ஒன்றிவிடுவதால், இரண்டடி தொலைவில் நின்றாலும் கண்ணுக்குப் புலப்படாது. பகட்டான ஆண் அருகில் இல்லாதிருப்பதே கூட்டுக்குப் பாதுகாப்பு.

முத்துச்சிப்பி இலட்சக்கணக்கான முட்டைகளைக் கடலில் விட்டுவிட்டு, பிழைப்பது பிழைக்கட்டும் என்று இருந்துவிடுகிறது. மயிலோ ஆறு முட்டைகளை இட்டு, ஒவ்வொரு குஞ்சையும் மாதக்கணக்கில் கூடவே வைத்துக் காக்கிறது. பொரித்த அன்றே குஞ்சுகள் நடக்கும். தாய் அலகால் சுட்டிக்காட்டும் எறும்பையும் கரையானையும் வெட்டுக்கிளியையும் பொறுக்கித் தின்னும். முதல் வாரங்களில் பூச்சிகளே முதன்மையான உணவு. இரண்டு வாரங்களில் இறக்கை வலுப்பெற்று, இரவில் தாயோடு கிளையில் ஏறி அமர்கின்றன. நரி, கீரி, காட்டுப்பூனை, உடும்பு, நாய், வல்லூறு எல்லாம் முட்டைக்கும் குஞ்சுக்கும் பகை என்பதால் பொரித்த அனைத்தும் தேறுவதில்லை.

இப்போது மாதங்களை எண்ணிப் பாருங்கள். சித்திரை, வைகாசியில் இட்ட முட்டை வைகாசி, ஆனியில் குஞ்சாகிறது. புரட்டாசியில் அதற்கு மூன்று, நான்கு மாதம். பூச்சியிலிருந்து தானியத்துக்கு மாறி, நன்றாகத் தின்று வளரும் பருவம். தாயும் வளர்ந்த குஞ்சுகளும் ஒரே கூட்டமாக வெளியே வரும் அதே நாட்களில்தான் நாம் விதையை உலர்ந்த மண்ணில் இட்டு வைத்திருக்கிறோம். உங்கள் சாலைக் கிளறும் கூட்டத்தில் தோகை உள்ளவை குறைவாகவும் பழுப்பு நிறப் பறவைகள் அதிகமாகவும் இருந்தால், அதற்குக் காரணம் இதுவே. ஆண்களுக்கும் அம்மாதத்தில் தோகை உதிர்ந்திருக்கும்.

எண்ணிக்கை ஏன் பெருகிற்று?

நாடு முழுவதும் பறவை ஆர்வலர்களின் பதிவுகளைத் தொகுத்து 2023இல் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை, மயில் விரைவாகப் பெருகிவரும் இனங்களில் ஒன்று எனக் கூறுகிறது. முன்பு மிக அரிதாகக் காணப்பட்ட கேரளத்தில் இப்போது எல்லா மாவட்டங்களிலும் அது இருக்கிறது. இமயத்தின் உயரமான பகுதிகளுக்கும் ஏறத் தொடங்கியுள்ளது. இலங்கை உழவர்களும் நம்மைப் போலவே மயிலைப் பற்றி முறையிடுகின்றனர்.

நம் மாவட்டத்தைப் பொறுத்தவரை, என் கருத்தில் முதல் காரணம் சீமைக்கருவேல். தரிசு விட்ட புஞ்சைகளிலும் கண்மாய்க் கரைகளிலும் ஓடைகளிலும் அது புதராக மண்டிய பிறகு, அடை மயிலுக்கு இடம் தேட வேண்டிய தேவையே இல்லை. பல ஆண்டுகள் உழாமல் கிடக்கும் நிலம், அருகில் ஒரு மக்காச்சோளக் காடு, இடையே ஒரு பண்ணைக்குட்டை என்ற அமைப்பை மயிலுக்காகத் திட்டமிட்டே செய்தாலும் இதைவிடச் சிறப்பாகச் செய்ய இயலாது. நரியும் காட்டுப்பூனையும் அருகிவிட்டன. சட்டத்தின் பாதுகாப்பால் வேட்டையும் பெரிதும் குறைந்தது. எனவே மயிலின் பெருக்கத்தில் நம் நிலப் பயன்பாட்டுக்கும் பங்கு உண்டு.

மயில் உழவரின் நண்பன் என்று எழுதிவிட்டுப் போவது எளிது. வெட்டுக்கிளி, புழு, கரையான், எலிக்குஞ்சு, சிறு பாம்பு ஆகியவற்றை அது தின்பது உண்மையே. ஆனால் விதைப்பு முடிந்த பத்து நாட்களில் இரண்டு ஏக்கர் மக்காச்சோளத்தை இழந்தவரிடம் இக்கணக்கு எடுபடாது. நன்மை ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுகக் கிடைக்கிறது. தீமை சில நாட்களில் மொத்தமாக நேர்கிறது. ஆகவே அந்தச் சில நாட்களைக் காப்பதே நம் வேலை.

காப்பு முறைகள்

விதை முளைத்து நான்கு இலை விடும்வரை ஏறத்தாழ இரண்டு, மூன்று வாரங்கள். பின்னர் கதிர் அல்லது காய் பால்பிடித்து முற்றும் இரண்டு, மூன்று வாரங்கள். காவல் கட்டாயமாகத் தேவைப்படுவது இவ்விரு காலங்களில்தான். நாளிலும் முழு நேரம் தேவையில்லை. விடிந்ததும் இறங்கும் மயில் காலை ஒன்பது மணி அளவில் நிழலுக்கு ஒதுங்கிவிடும். மாலை நான்கு மணிக்கு மேல் மீண்டும் வந்து, இருட்டும் முன் மரம் ஏறும். உச்சி வெயிலில் காவல் நிற்பவர் தம் உழைப்பை வீணாக்குகிறார். அதிகாலை ஐந்தரை மணிக்கு ஆள் இருப்பது மிக முக்கியம். முதலில் வந்த மயில் தின்னத் தொடங்கிவிட்டால் மற்றவை அதைப் பார்த்தே வந்துவிடும்.

முன்பருவ விதைப்பில் விதை 5 செ.மீ. ஆழத்தில் விழ வேண்டும் என்பது ஈரத்திற்காகச் சொல்லப்படும் பரிந்துரை. சிறு தூறலுக்கு விதை முளைத்து ஏமாறாமல் இருக்க அந்த ஆழம் தேவை. மயிலுக்கும் அது ஓரளவு தடையாகிறது. மேலாக விழுந்த விதையே கூட்டத்தை முதலில் இழுக்கிறது. எனவே கைவிதைப்பைவிட விதைப்புக் கருவி கொண்டு விதைத்து, பரம்பு இழுத்துச் சால் தெரியாமல் மூடிவிடுவது நல்லது. தலைமாட்டில் கருவியைத் திருப்பும் இடத்தில் சிந்தும் விதையை மண் தள்ளி மூடுவதைப் பலரும் மறந்துவிடுகின்றனர். மருந்து நேர்த்தி செய்த விதையானால் இது இருமடங்கு முக்கியம். அதைத் தின்று மயில் இறந்தால், நீங்கள் வேண்டுமென்றே செய்யவில்லை என்பதை மெய்ப்பிப்பது கடினமாகிவிடும்.

ஊரில் ஒருவர் மட்டும் முந்தி விதைத்தால் சுற்றுவட்டார மயிலெல்லாம் அவர் காட்டில்தான் இருக்கும். அடுத்தடுத்த புஞ்சைக்காரர்கள் பேசிவைத்து ஒரே வாரத்தில் விதைத்தால் சேதம் பரவிக் குறையும். காவல் முறையையும் பங்கிட்டுக்கொள்ளலாம். செலவே இல்லாத இந்த முறைதான் நடைமுறையில் மிகக் குறைவாகப் பின்பற்றப்படுகிறது. காரணம் உங்களுக்கே தெரியும்.

வயலைச் சுற்றிப் பழைய சேலை கட்டும் வழக்கம் நம் பகுதியில் உள்ளது. அதைக் கேலி செய்ய வேண்டியதில்லை. மயில் வயலின் நடுவே பறந்து இறங்குவதைவிட ஓரத்திலிருந்து நடந்து நுழைவதையே விரும்புகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத இடத்தில் நுழையத் தயங்கும். சேலை அந்தப் பார்வையை மறைக்கிறது. கடற்கரை ஊர்களில் கழித்த மீன்வலையை வாங்கிக் கட்டுவதும் பயனுள்ளதே. ஆனால் வலையைத் தளர்வாகத் தொங்கவிடக் கூடாது; அடிப்பகுதியைத் தரையோடு இழுத்துக் கட்ட வேண்டும். தளர்ந்த வலையில் மயிலும் சாரைப்பாம்பும் சிக்கி மடியும். காலையிலும் மாலையிலும் வலையைச் சுற்றி வந்து பாருங்கள்.

ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் வெள்ளியுமான மினுக்கு நாடா கடைகளில் கிடைக்கிறது. பத்தடிக்கு ஒரு குச்சி நட்டு, முழங்கால் உயரத்தில் ஒன்றும் இடுப்பு உயரத்தில் ஒன்றுமாக இரு வரிசை, இரண்டு மூன்று முறுக்கு விட்டுக் கட்ட வேண்டும். காற்றில் அது இரைச்சலிடும், வெயிலில் மின்னும். மயில் அறிவுள்ள பறவை. ஒரே இடத்தில் ஒரு மாதம் அசையாமல் இருக்கும் எதற்கும் அது அஞ்சாது. ஆகவே நாடாவை விதைத்த அன்றே கட்டி, நான்கு நாளைக்கு ஒருமுறை வரிசையை மாற்றி, தேவை முடிந்ததும் கழற்றிச் சுருட்டி அடுத்த பருவத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். தகர ஒலி, வெடி ஒலி, சோளக்கொல்லைப் பொம்மை எல்லாவற்றுக்கும் இதே விதிதான். ஆள் நடமாட்டத்தோடு சேர்ந்தால் வேலை செய்யும். தனியே விட்டால் ஒரு வாரத்தில் பொம்மையின் நிழலில் மயில் படுத்திருக்கும்.

நிலையான பலன் வேண்டுமானால் புதரைக் குறைக்க வேண்டும். வயல் வரப்பிலிருந்து பதினைந்து மீட்டர் வரை சீமைக்கருவேலை வேரோடு எடுத்துவிட்டால், மறைந்து வந்து நுழையும் வழி அடைபடும். வேம்பு, உடை, பனை ஆகியவற்றை விட்டுவைக்கலாம். இவ்வேலையைத் தை, மாசியில் முடித்துவிடுவது நல்லது. சித்திரைக்குப் பின் புதரடியில் கூடு இருக்கலாம். முட்டையை அழிப்பதும் எடுப்பதும் சட்டப்படி வேட்டைக்குச் சமமான குற்றமாகும். கண்டெடுத்த மயில் முட்டையை அடைக்கோழியின் கீழ் வைத்துப் பொரிக்கச் செய்யும் பழக்கத்தையும் இன்றே விட்டுவிடுங்கள். குஞ்சு கோழியோடு வளர்ந்தால் மனிதரிடம் அச்சம் நீங்கி, ஊருக்குள்ளேயே தங்கிவிடும். அன்றியும் கோழிகளின் வெள்ளைக்கழிச்சல் நோய் மயிலையும் தாக்கும். கோழிகளுக்குத் தடுப்பூசி போடுவதும், இறந்த கோழியை வெளியில் எறியாமல் புதைப்பதும் இரண்டுக்கும் நல்லது.

சட்டமும் தோகையும்

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் மயில் உள்ளது. 2022இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, இதனைக் கொல்பவருக்கு மூன்று ஆண்டுகளுக்குக் குறையாத, ஏழு ஆண்டுகள் வரை நீளக்கூடிய சிறைத்தண்டனையும் 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. விதைப்புச் சேதம் சில ஆயிரம் என்றால், வழக்கின் சேதம் ஒரு குடும்பத்தின் பல ஆண்டுகள். நஞ்சு வைத்த தானியம் மயிலோடு நிற்பதும் இல்லை. கவுதாரி, காடை, புறா, மேய வந்த ஆடு, இறந்த மயிலைக் கடித்த நாய் எல்லாம் மடியும். வேலியில் திருட்டு மின்சாரம் பாய்ச்சுவது மனித உயிரையே வாங்கிய நிகழ்ச்சிகள் பல.

சேதம் நேர்ந்தால் அன்றே படம் எடுத்து, பயிர், பரப்பு, நாள் ஆகியவற்றைக் குறித்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் எழுத்து மூலம் மனு கொடுங்கள். நிவாரணம் உடனே கிடைக்காவிட்டாலும், எந்த ஊரில் எவ்வளவு சேதம் என்ற பதிவு இல்லாமல் எந்த அரசுத் திட்டமும் உருவாகாது. காட்டில் இறந்த மயிலைக் கண்டால் கையால் தொடாமலும் புதைக்காமலும் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

தோகை பற்றிப் பலரும் ஐயம் எழுப்புகின்றனர். ஆவணி, புரட்டாசியில் காட்டில் தானே உதிர்ந்து கிடக்கும் தோகை இறகைப் பொறுக்குவதும், காவடிக்கும் விசிறிக்கும் பயன்படுத்துவதும் குற்றமாகாது. ஆனால் அதை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை உள்ளது. தூத்துக்குடித் துறைமுகம் அருகில் இருப்பதால், இறகு சேகரித்துக் கொடுத்தால் நல்ல விலை என்று யாரேனும் உங்கள் ஊருக்கு வந்தால் எச்சரிக்கையாக இருங்கள். மயிலைக் கொன்று பறித்த இறகின் காம்படியில் இரத்தமோ சதையோ ஒட்டியிருக்கும். தானே உதிர்ந்த இறகின் காம்பு நுனி உலர்ந்து, வெளுத்து, சுத்தமாக இருக்கும்.